ஒரு சாண் கீறல்

ஐம்பதைத் தாண்டிய நம்ம கூட்டத்துக்கு ஒரு கேள்வி. சின்ன வயதில் நீங்கள் உடைத்தவற்றில் இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது எது? சிலருக்கு ஜன்னல் கண்ணாடியாக இருக்கும், சிலருக்கு அம்மாவின் பூச்சாடி. எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு அது பக்கத்து வீட்டுக்காரனின் முன்பல். என்னுடையது ஒரு அலுமாரிக் கண்ணாடி. அதைப் பற்றி வீட்டில் இதுவரை வாய் திறந்ததில்லை. நாலு பேர் கூடினால் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தச் சிரிப்பில் பாதி, இந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் போட்ட இரைச்சல்.

போன மாதம் அக்கா தன் கல்யாணத் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடுகண்ணாவையிலிருந்து வந்தாள். காதுக்கு ஏழு கல் வைத்த வைரத்தோடு. பேத்திக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்ய வேண்டுமாம். கண்டி டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். அங்கிருந்த பையன் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டான். வைரம் என்றால் அது சத்தம் போடுமாம். பதினாலு கல்லிலும் பேனா வாயைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டி, இது வைரம் இல்ல," என்றான். "சேர்கோன். அந்தக் காலத்து ஆளுங்க மாத்தறை வைரம்னு சொல்லுவாங்க. பாருங்க, ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு. வைரம் இப்படித் தேயாது."

அக்கா அழவில்லை. "நாப்பது வருஷமா இதப் போட்டுக்கிட்டு மாமியார் முன்னால தலைய ஆட்டி ஆட்டிப் பேசினேனேடா," என்றாள். இருவரும் சிரித்தோம். பையனும் தைரியமாகச் சிரித்தான்.

சிரிப்போடு சிரிப்பாக, வைரத்தை எப்படித்தான் மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். நாலு விஷயம் என்றான். எடை, நிறம், உள்ளே இருக்கும் சுத்தம், வெட்டு. நான் உடனே என்னை வைத்துக் கணக்குப் பார்த்தேன். எடை தாராளம். நிறம் பல்லில் மட்டும் மஞ்சள். வெட்டு, கடவுள் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருக்கிறார். உள்சுத்தத்தைப் பார்க்க வேண்டாம் தம்பி, லென்ஸைக் கீழே வை என்றேன். கடையே சிரித்தது.

பையன் விடவில்லை. "உள்ள புள்ளி இருந்தா விலை குறையும் அங்கிள். ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளின்னா பெரிசாக் குறையாது. மண்ணுக்குள்ள பொறந்த கல்லுல ஏதாவது இருக்கத்தான் செய்யும். ஒரு புள்ளியும் இல்ல, விலையும் சல்லிசுன்னு யாராவது நீட்டினா, அதத்தான் சந்தேகப்படணும்."

என் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. இன்னொன்று கேட்டேன்.

"கண்ணாடியக் கீறினா வைரம்தானே தம்பி?"

"அது பழைய கதை அங்கிள். ஸ்படிகம், நீலக்கல்லு எல்லாமே கண்ணாடியக் கீறும்."

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்தேன். உள்ளே, ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. மூன்று வீடு மாறியும் என்னை விடாமல் கூடவே வந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆகஸ்ட் விடுமுறை. பெரஹரா ஊர்வலத்துக்கு யானைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. காற்றில் அவை தின்னும் கித்துல் ஓலையும் சாணியும் கலந்த வாசம். அப்பாவின் துணிக்கடைக்குப் பின்னால் எங்கள் வீடு, அடுத்த வாசல் டீச்சர் வீடு. டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். காலையில் ஜன்னலருகில் நின்று அவர் தலை வாரும்போது, காதுத் தோட்டில் வெயில் பட்டு எங்கள் சுவரில் சிவப்பும் பச்சையுமாய்ச் சின்னச் சின்ன வெளிச்சங்கள் ஓடும். நானும் எங்கள் பூனையும் அவற்றைத் துரத்துவோம். ஒரு நாளும் பிடித்ததில்லை.

டீச்சரின் கணவரை நாங்கள் சார் என்போம். நகரசபையில் கிளார்க். நான் ஜோக் சொல்ல ஆரம்பித்தால், முடிவதற்கு முன்பே சிரித்துவிடும் ஒரே மனிதர். என் முதல் ரசிகர். அந்த வருஷம் அவர் பேப்பரை மூக்குக்கு அருகில் பிடித்து வாசித்தார், பிறகு ஜன்னலுக்குப் போய் வாசித்தார், பிறகு மடித்து வைத்துவிட்டார்.

"கண்ணுக்குள்ள கறுப்பா ஒரு பூச்சி பறக்குதுடா. அடிச்சுத் தா பாப்போம்," என்பார்.

நான் அவர் முகத்துக்கு முன்னால் காற்றில் கை தட்டுவேன். "தப்பிச்சிருச்சு சார்," என்பேன். சிரிப்பார்.

சீனி வியாதி கண்ணுக்கு இறங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்குள் மதராஸுக்குக் கொண்டுபோனால் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். டீச்சர் யோசிக்கவே இல்லை, தோட்டை விற்பதென்று முடிவு செய்தார். அதே நேரத்தில் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கடுகண்ணாவையில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். பெண்ணுக்கு ஏழு கல் வைரத்தோடு வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பாவுக்குத் தோடு வேண்டும், டீச்சருக்கு விற்க வேண்டும், நடுவில் ஒரு சுவர்தான். இதைவிட லேசான காரியம் உலகத்தில் இருக்க முடியாது. அதைத்தான் நான் கெடுத்தேன்.

கல் பார்க்க நானா வந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னக் கல்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். தோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தங்கத்துக்குள்ள ஈக்குற கல்லப் பாத்து நான் வெல செல்ல மாட்டேன் முதலாளி. தங்கத்துட மஞ்சள் கல்லுல அடிக்கும். நடுக்கல்லக் கழட்டுவோம்."

டீச்சர் தலையசைத்தார். நானா சின்ன ஆயுதத்தால் தங்கத்தை நெம்பி நடுக்கல்லை எடுத்தார். பச்சரிசியில் பாதி இருக்கும். வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து நிறம் பார்த்தார். மூச்சை ஊதி, ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்த்தார். கடைசியில் வாசல் வெளிச்சத்துக்குப் போய் லென்ஸில் பார்த்தார். நான் அவர் கைக்குக் கீழேயே நின்றேன்.

"நல்ல கல்லு. நெறம் நல்லம். உள்ளுக்கு ஒரு சின்னப் புள்ளி ஈக்குது, கண்ணுக்குத் தெரியாது. அதப் பத்தி யோசிக்க வாணாம்."

"நெசமான வைரந்தானா நானா?" என்றேன் நான்.

"சந்தேகமா தம்பி? கண்ணாடில வச்சு இழு, கண்ணாடி ரெண்டாப் போகும்."

அவர் பெரியவர்களின் கேலியில்தான் சொன்னார். நான் அதைச் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றே வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். வைரம் வாங்கும் முன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். பால் திரிந்தால்கூட யோசிப்பார்கள். இதை மேற்பார்வை செய்யவே பெரியம்மா, பெரியப்பாவைப் பித்தளைக் கடையில் விட்டுவிட்டு, பிலிமத்தலாவையிலிருந்து பையோடு வந்து இறங்கினார். நடுக்கல்லைக் காகிதத்தில் மடித்து, மஞ்சள் தடவிய பட்டுத் துணியில் சுற்றி, அம்மாவின் அலுமாரி இழுப்பறையில் வைத்தார்கள். கதவில் ஆள் உயரக் கண்ணாடி போட்ட அலுமாரி அது. அம்மாவின் கல்யாணச் சீர்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் அப்பாவுக்குத் தும்மல் வந்தது. பெரியம்மா அரைமணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குப்பொடிதான் காரணம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம். அம்மா குளிக்கப் போயிருந்தார், சாவி ஆணியில் தொங்கியது. பெரியம்மா முறத்தோடு முற்றத்தில். நான் பொட்டலத்தை எடுத்தேன். கல்லை விரலால் பிடிக்க முடியவில்லை. வழுக்கி விழுந்தது. அந்தச் சிவப்பு சிமெந்துத் தரையில் மண்டியிட்டு நான் தேடிய வேகத்தில் தேடியிருந்தால் தங்கச் சுரங்கமே கிடைத்திருக்கும். கடைசியில் என் கால் விரலிடுக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு எனக்கு ஒரு யோசனை, என் வாழ்க்கையின் எல்லா யோசனைகளையும் போல அப்போதைக்குப் பிரமாதமாகத் தெரிந்தது: ஈரச் சவர்க்காரத் துண்டில் கல்லைப் பதித்து, கூர்முனை வெளியே தெரிய, அதையே கைப்பிடியாக்கினேன். கண்ணாடியின் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு. ஒரு சாண் நீளம். பல் கூசும் சத்தம். மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிஜமான வைரம். அக்காவுக்கு நிஜமான வைரம். கல்லைச் சட்டையில் துடைத்து, மடித்து, பழையபடி வைத்துவிட்டேன்.

அம்மா குளித்துவிட்டு வந்து, தலை துவட்டி, சேலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மழைக்காலத்தில் ஊதிப்போன கதவு, இடுப்பால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். தள்ளினார். டிக் என்று ஒரு சத்தம். கீறல் விழுந்த இடத்திலிருந்து மூலைவரை கண்ணாடி பிளந்து, ஒரு துண்டு மெதுவாகச் சரிந்து தரையில் விழுந்தது.

நான் ஓடினேன். கடை வழியாக, தெரு வழியாக, குளக்கட்டுக்கு. போகிற வழியில் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்தேன். குளத்துக்கு வந்தபோது மூச்சு வாங்கியது, பத்தாகக் குறைத்தேன். அரைச் சுற்று நடந்ததும் ஒரு தேங்காய்க்கு வந்துவிட்டேன். யானைக்காரர்களோடு சேர்ந்து ஊரைவிட்டே போய்விடலாம் என்றும் யோசித்தேன். ஒரு யானை என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"யாருமே தொடல அக்கா. கதவச் சாத்தினேன், அவ்வளவுதான்," என்றார் அம்மா பெரியம்மாவிடம்.

"நீ எங்க சாத்தின? அது சாத்த வச்சிருக்கு." பெரியம்மா பொட்டலத்தைப் பிரித்தார். சவர்க்காரப் பூச்சில் கல் மங்கிக் கிடந்தது. "வரும்போது எப்படி மின்னுச்சு. இப்பப் பாருங்க, செத்த மீன் கண்ணு மாதிரி."

அப்பா கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அண்ணி, நானாகிட்ட ஒருக்காக் காட்டிட்டு..."

"காட்டுங்க. உள்ள புள்ளி இருக்குன்னு அவரே சொன்னாருல்ல. கல்லுல கறுப்புப் புள்ளி, அந்த டீச்சர் புருஷன் கண்ணுலயும் கறுப்புப் புள்ளி. இன்னும் என்னத்தக் காட்டப் போறீங்க தம்பி? நம்ம புள்ளைக்குத்தான் போடணும்னா போடுங்க. நான் எதுக்கு வெறுப்பாகணும்."

கடைசி வார்த்தையில் அப்பா தலை குனிந்தது. அந்த நேரத்தில் நான் வாசலில் நின்று வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னடா?" என்றார் பெரியம்மா.

"பசிக்குது," என்றேன்.

அப்பா கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். தனியாகப் போக அவருக்கு முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. டீச்சரின் காது ஓட்டைகளில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தது. அப்பா கண்ணாடி உடைந்ததைச் சொன்னார். புள்ளியையும் சொன்னார். வீட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்றார்.

சார் கதிரையில் இருந்தபடி சிரித்தார். "கண்ணாடி உடைஞ்சதுக்குக் கல்லு என்ன பண்ணும் முதலாளி? அது நல்ல கல்லு."

"நீங்க சும்மா இருங்க," என்றார் டீச்சர். அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சாரின் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்று நான் கவனிக்கத்தான் செய்தேன். புரியத்தான் நாற்பது வருஷம் ஆனது.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா ஊமையா நிக்கிற? ஒன்னு சொல்லு."

நான் ஒரு யானை ஜோக் சொன்னேன். முடிவதற்கு முன்பே அவர் சிரித்தார்.

அதன் பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடுகிறேன், நிதானமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பேச்சு கோயில் வரைக்கும் போயிற்று. தோட்டைக் கேட்டிருந்த இன்னும் இரண்டு வீட்டார் பின்வாங்கினார்கள். மூன்று மாதம் கழித்து கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பாதி விலைக்கும் கீழே எடுத்துக்கொண்டார். டீச்சரும் சாரும் மதராஸ் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண் முடிந்துவிட்டிருந்தது. மற்றது கொஞ்ச வருஷம் தாக்குப்பிடித்தது. அவர்கள் குண்டசாலைப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்பா, புள்ளியே இல்லாத தோடு ஒன்றைப் பெரியம்மாவின் சிபாரிசில் ஒரு வியாபாரியிடம் வாங்கினார். விலையும் சல்லிசு. கல்லைக் கழற்ற நானாவைக் கூப்பிட யாருக்கும் முகமில்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். பால் நன்றாகக் காய்ந்தது, கடையில் வியாபாரம் நடந்தது, யாரும் தும்மவில்லை. மாத்தறை வைரம் எங்கள் வீட்டுப் பரீட்சையில் முதல் தரத்தில் தேறியது.

புதுக் கண்ணாடி போட வந்தவர் பழையதைப் பார்த்து, "இது தானா உடைஞ்சது இல்லையே, கோடு போட்டு வெட்டினாப்ல இருக்கு," என்றார். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, மனுஷன் செய்யாத வேலை," என்றார். கீறலின் ஒரு பகுதி இருந்த துண்டை நான் எடுத்து ஒளித்து வைத்தேன். தண்டனைக்குப் பயந்து சாட்சியை அழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாட்சியைக் காப்பாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. நானா நல்ல கல் என்று சொன்னதை அவர் நம்பினார், அது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர்.

நகைக்கடைக்குப் போன மறுநாள் கண்ணாடித் துண்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு குண்டசாலைக்கு பஸ் ஏறினேன். நேரே போய்ச் சேர்ந்தேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டி, அது நிற்காமல் போனதால்தான் நடந்தேன்.

டீச்சர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். காது வெறுமையாக இருந்தது.

"நான்தான் டீச்சர். அடுத்த வீட்டுக் குரங்கு."

"குரங்குக்கு நரைச்சுப் போச்சே," என்றார். "உள்ள வா. இரு, தேத்தண்ணி வைக்கிறேன்."

கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவரில் சாரின் படம், மாலையோடு. நான் மழையைப் பற்றிப் பேசினேன், பஸ்ஸைப் பற்றிப் பேசினேன், அக்காவின் தோடு மாத்தறை வைரமாகிப்போன கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்கப்பா அன்னைக்கு நல்ல வேளை எங்க தோட்ட வாங்கல," என்றார். "உங்க அக்கா தப்பிச்சா. இருபது வருஷம் அந்தப் புள்ளியக் காதுல மாட்டிக்கிட்டு சாருக்கு முன்னால நின்னவ நான். அவர் கண்ணுக்குள்ள அது எறங்கினது எனக்குத் தெரியாமப் போச்சு."

டீச்சர் கணக்குப் படிப்பித்தவர். நாற்பது வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் இதே விடைதான் வந்திருக்கிறது.

பேப்பரைப் பிரித்தேன். சொன்னேன். சாவி, சவர்க்காரம், ஒரே இழுப்பு, கதவு, குளக்கட்டு, பசிக்குது என்றது, எல்லாம். எங்கேயும் சிரிப்பு வைக்கவில்லை. வைக்க இடம் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கிடைக்கவில்லை.

டீச்சர் துண்டை வாங்கி, கீறலின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் தடுக்கி நின்றது.

"ஒரே இழுப்பா?"

"ஒரே இழுப்பு டீச்சர்."

"ரெண்டாந்தரம் அழுத்தல?"

"இல்ல."

"அப்ப நல்ல கல்லு," என்றார்.

ஸ்படிகம்கூடக் கண்ணாடியைக் கீறும் என்று கடைப் பையன் சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

டீச்சர் எழுந்து படத்துக்கு முன்னால் போனார். "கேட்டீங்களா. கடைசி வரைக்கும் நல்ல கல்லு, நல்ல கல்லுன்னுதான் சொன்னீங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் வாய மூடுங்கன்னேன்." கண்ணாடித் துண்டை, கீறல் சார் பக்கம் இருக்கும்படி, படத்தடியில் சாய்த்து வைத்தார்.

உள்ளே கேத்தல் கொதித்து மூடி தடதடத்தது. டீச்சர் போய் அடுப்பை அணைத்தார். தேத்தண்ணி ஊற்றாமல் வெறுங்கையோடு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படத்துக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எழுந்தேன். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.